மினி டிவிடி ஹேண்டிகேம் டிஸ்க் 17 இருக்கு, வீட்டு கம்ப்யூட்டரில் எடிட் பண்ண வழி சொல்லுங்க

#1 நொய்யல்கரை
ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கமுங்க. 2006-லிருந்து 2009 வரைக்கும் எங்கள் மச்சான் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த சோனி ஹேண்டிகேமில் எடுத்த சின்ன டிவிடிகள் 17 என்னிடம் இருக்கின்றன. உள்ளங்கை அகலம்தான், 8 சென்டிமீட்டர். தம்பி கல்யாணம், பையனுக்குக் காது குத்து, குலதெய்வம் கோயில் பொங்கல், கண்ணபுரம் மாட்டுச் சந்தை என்று கலந்து கட்டிக் கிடக்கிறது.

வருகிற தையில் அக்கா மகளுக்குக் கல்யாணம். முந்தின நாள் ராத்திரி மண்டபத்தில் எல்இடி திரை வைக்கிறோம். தம்பி கல்யாணத்தில் அக்காதான் இணைச்சீர் (மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் செய்யும் சீர்) செய்தாள். அப்பிச்சி (அம்மாவின் அப்பா) அப்போது இருந்தார். அதையெல்லாம் இருபது நிமிடத்துக்குச் சேர்த்துப் போட ஆசை.

அந்தக் கல்யாணத்துக்கு ஸ்டுடியோக்காரர் எடுத்துக் கொடுத்த டிவிடியும் இருக்கிறது. ஆனால் எங்கள் கொங்குக் கல்யாணத்தில் மத்தளத்தோடு பாடும் மங்கல வாழ்த்து வருகிற இடம் முழுக்க மேலே சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிட்டார். பெரியவர் வாய் அசைகிறது, மத்தளத்தில் கை விழுகிறது, காதில் கேட்பது டூயட். பாடியவர் இப்போது இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அடி எடுத்துக் கொடுத்த அப்பிச்சியும் 2010-ல் போய்விட்டார். அந்தச் சத்தம் இருப்பது மச்சான் எடுத்த டிஸ்கில் மட்டும்தான்.

என் லேப்டாப்பில் டிவிடி டிரைவே இல்லை. சித்தப்பா பையன் ஒருத்தன் "கார்ல ஓடும்ணா" என்று ஒரு டிஸ்கை எடுத்துக் கார் பிளேயரில் செருகிவிட்டான். உள்ளே போனது, வெளியே வரவில்லை. டேஷ்போர்டைப் பிரித்து எடுத்தோம். எங்கிருந்து ஆரம்பிப்பது?

#2 கிராஸ்கட்ரோடு
ஞாயிறு, இரவு 10.05

இழுத்து மூடும் தட்டு வைத்த யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்று வாங்குங்க. தட்டின் நடுவில் சின்ன வட்டமாக ஒரு பள்ளம் இருக்கும், அதில்தான் 8 செ.மீ. டிஸ்க் உட்கார வேண்டும். வாயில் செருகுகிற மாதிரி இருக்கும் டிரைவ் எதிலும் இதைப் போடக் கூடாது, கார்க்காரர் ஏற்கெனவே பாடம் எடுத்துவிட்டார் போல.

அப்புறம் ஹேண்ட்பிரேக் என்று இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. ஒவ்வொரு டிஸ்கையும் எம்பி4 ஆக்கிவிட்டு, டிஸ்கைத் தூக்கிப் போட்டுவிடலாம். ஒரே நாள் வேலை.

#3 பழைய வீடியோக்காரன்
ஞாயிறு, இரவு 11.20

டிஸ்கைத் தூக்கிப் போடுவதா? கொஞ்சம் பொறுங்க தம்பி.

ஈரோட்டில் இருபது வருடம் கல்யாண வீடியோ எடுத்தவன் நான். நொய்யல்கரை, மங்கல வாழ்த்து மேல் சினிமாப் பாட்டுப் போட்ட பாவம் எனக்கும் உண்டு. அப்போதெல்லாம் கேசட்டைப் பார்க்கிறவர்கள் அந்த இடம் வந்தால் தள்ளி ஓட்டுவார்கள். "பாட்டைப் போடுங்க, சும்மா முணுமுணுப்பா இருக்கு" என்று மாப்பிள்ளை வீட்டாரே சொன்னதுண்டு. சரி, அதை விடுங்க.

உங்கள் டிஸ்கில் இருப்பது எம்பெக்-2 வீடியோ, கடையில் வாங்கும் சினிமா டிவிடியில் இருக்கும் அதே சங்கதி. ஒரு பக்க டிஸ்கில் 1.4 ஜிபி கொள்ளும். நல்ல தரத்தில் வைத்தால் 20 நிமிடம், நடுத்தரத்தில் 30, மட்டமான தரத்தில் ஒரு மணி நேரம். என் கைக்குப் பழகிய டிவி (DV, டிஜிட்டல் வீடியோ) டேப் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி பிடிக்கும். ஏறத்தாழ நாலில் ஒரு பங்குக்கு நசுக்கித்தான் அந்தக் கேமரா டிஸ்கில் எழுதியிருக்கிறது. எடுக்கும்போதே ஒருமுறை பிழிந்த கரும்பு அது. எம்பி4 ஆக்கினால் இரண்டாம் பிழிவு. அதை எடிட் செய்து மறுபடி சேமித்தால் மூன்றாவது. கடைசியில் அப்பிச்சி முகத்தில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

அதனால் முதல் வேலை எடிட்டிங் இல்லை, நகல் எடுப்பது. டிஸ்கைத் திறந்தால் 'வீடியோ டிஎஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். உள்ளே விஓபி, ஐஎஃப்ஓ, பியுபி என்று மூன்று விதமான ஃபைல்கள். படமும் சத்தமும் விஓபி-யில். ஒரு விஓபி 1 ஜிபியைத் தாண்டாது, மீதி அடுத்த ஃபைலுக்குப் போகும். ஃபோல்டரை அப்படியே ஹார்ட் டிஸ்கில் போடுங்க, எதையும் பிரிக்க வேண்டாம், பெயர் மாற்ற வேண்டாம். 17 டிஸ்கும் சேர்ந்தாலும் 24 ஜிபிக்குள்தான். 32 ஜிபி பென் டிரைவில் மொத்தமும் அடங்கிவிடும். இதற்குப் போய் ஏன் எம்பி4?

#4 கிராஸ்கட்ரோடு
திங்கள், காலை 7.15

சரிங்கண்ணா, தூக்கிப் போடச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். ஹேண்ட்பிரேக்கை வாங்கிக்க மாட்டேன்.

#5 நொய்யல்கரை
வியாழன், இரவு 8.50

காந்திபுரம் போன வேலையோடு டிரைவ் வாங்கி வந்துவிட்டேன். நிலவரம்:

11 டிஸ்க் சுத்தமாக நகல் ஆகிவிட்டது. 3 டிஸ்கில் 'வீடியோ டிஎஸ்' இல்லை, 'டிவிடி ஆர்டிஏவி' என்று ஒரு ஃபோல்டர், உள்ளே 'விஆர்ஓ' என்று முடிகிற ஒரே பெரிய ஃபைல். ஒரு டிஸ்க் பாதிக்கு மேல் நகர மாட்டேன் என்கிறது, அது காருக்குள் போன டிஸ்க். இன்னும் இரண்டு டிஸ்கைப் போட்டால் காலி என்கிறது. அந்த இரண்டில் ஒன்றின் மேல் மச்சான் கையெழுத்தில் '9. மங்.வாழ்த்து' என்று இருக்கிறது. பார்த்ததும் வயிற்றைப் பிசைந்துவிட்டது.

விண்டோஸ் "இந்த டிஸ்கை எப்படிப் பயன்படுத்தப் போகிறீர்கள்" என்று கேட்கிறது. ஏதாவது ஒன்றை அமுக்கிப் பார்க்கட்டுமா?

#6 மஞ்சக்காடு
வியாழன், இரவு 8.54

அமுக்காதீங்க! அமுக்காதீங்க! விண்டோஸ் அதைப் புது டிஸ்க் என்று நினைத்து எழுதத் தயார் செய்யப் பார்க்கிறது. ஆர்டபிள்யூ (அழித்து எழுதக்கூடிய) டிஸ்காக இருந்தால் இருப்பதும் போய்விடும். கேன்சல் கொடுத்து வெளியே எடுத்து உறைக்குள் வைத்துவிடுங்க.

காலி என்று சொன்னால் காலி என்று அர்த்தம் இல்லை. உங்கள் மச்சான் ஃபைனலைஸ் செய்யாமல் விட்டிருப்பார். கேமரா படம் எடுக்க எடுக்க டிஸ்கில் எழுதிக்கொண்டே போகும். எது எங்கே இருக்கிறது என்ற பொருளடக்கத்தைக் கடைசியாக ஃபைனலைஸ் கொடுக்கும்போதுதான் எழுதி முடிக்கும். அது இல்லாவிட்டால் எடுத்த கேமராவைத் தவிர மற்ற பெரும்பாலான மெஷினுக்கு டிஸ்க் வெறும் கண்ணாடி மாதிரிதான்.

இன்னொன்று. இரண்டு டிஸ்கையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்க. மேலே எழுதும் பக்கம் இல்லாமல் இருபுறமும் பளபளவென்று இருந்தால் அது இரட்டைப் பக்க டிஸ்க், திருப்பிப் போட வேண்டியதுதான். எனக்கு ஒருமுறை இப்படித்தான் ஒரு வாரம் தூக்கம் போச்சு.

#7 காங்கயம்காளை
வியாழன், இரவு 9.30

கண்ணபுரம் சந்தை எந்த வருஷமுங்க? எங்கள் அப்பாரு மயிலைக் காளை ஒன்று அதே சமயத்தில் பிடித்து வந்தார். முடிந்தால் அந்தத் துண்டு மட்டும் போடுங்களேன். எடிட்டிங் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, மன்னிக்கணும்.

#8 நொய்யல்கரை
வியாழன், இரவு 10.10

மஞ்சக்காடு, உங்களுக்குக் கோடி புண்ணியம். ஒன்று இரட்டைப் பக்கம்தான்! திருப்பிப் போட்டேன், காது குத்து முழுசும் வந்துவிட்டது, மாமன் மடியில் பையன் வீறிடுவது உட்பட. ஆனால் 9-ஆம் நம்பர் ஒரு பக்க டிஸ்க்தான், காலி என்றேதான் சொல்கிறது.

காங்கயம்காளை, 2008 சித்திரை. எடுத்து வைக்கிறேனுங்க.

#9 பழைய வீடியோக்காரன்
வெள்ளி, காலை 6.30

முதலில் கேமராவைத் தேடுங்க. எடுத்த அதே கேமராவில் ஃபைனலைஸ் செய்வதுதான் நேர்வழி. ஒரு விஷயம் கவனம்: பேட்டரியில் செய்யாதீங்க, சார்ஜர் ஒயரைச் சொருகிச் செய்யுங்க. நடுவில் கரண்ட் போனால் டிஸ்க் அம்போ. யுபிஎஸ் இருந்தால் அதில் மாட்டுங்க. 2012-ல் நம்ம பக்கம் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத நாட்களில், ராத்திரி முழுக்க ரெண்டர் (எடிட் செய்ததைப் புது வீடியோவாக எழுதும் வேலை) ஓடி விடியும்போது 97 சதவீதத்தில் அணைந்துபோன கம்ப்யூட்டரைப் பார்த்து அழுதவன் சொல்கிறேன். முடிகிற வரைக்கும் கேமராவை ஆட்டவும் கூடாது.

காருக்குள் போன டிஸ்கை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்க. வட்டமாகத் துடைக்கக் கூடாது, நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேராக. டிவிடியில் எழுத்து உள்ளேயிருந்து ஆரம்பித்து வெளியே சுற்றிக்கொண்டு போகும். வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தால் ஒரே தடத்தில் தொடர்ச்சியாக அழிந்துவிடும், குறுக்கே விழுந்தால் அந்தந்த இடத்தில் துளித்துளியாகத்தான் போகும். அதை டிரைவே சரிக்கட்டிக்கொள்ளும்.

பிறகும் நகரவில்லை என்றால் லினக்ஸில் ஓடும் டிடிரெஸ்க்யூ என்ற சாஃப்ட்வேர் இருக்கிறது. படிக்க முடிந்ததை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். ஒரு டிரைவில் படிக்காத துண்டு இன்னொரு டிரைவில் படிக்கலாம். நிறுத்தி வேறு டிரைவில் தொடரலாம், விட்ட இடத்தை மட்டும் நிரப்பும்.

#10 நொய்யல்கரை
ஞாயிறு, மாலை 5.20

கேமரா மச்சான் வீட்டு அட்டாலியில் குத்துவிளக்குப் பெட்டிக்குள் கிடந்தது. பேட்டரி செத்துவிட்டது, சார்ஜர் போட்டதும் உயிர் வந்தது. 9-ஆம் டிஸ்கைப் போட்டேன். ரொம்ப நேரம் கரகரவென்று சத்தம், அப்புறம் டிஸ்க் எரர் என்று சொல்லித் துப்பிவிட்டது. வேறு டிஸ்கைப் போட்டால் ஒழுங்காகப் படிக்கிறது.

மச்சானிடம் போனில் கேட்டேன். "பாட்டு நடுவுல டிஸ்க் ஃபுல்லுன்னு வந்துச்சு. அவசரத்துல பேட்டரியையும் சேர்த்துக் கழட்டிட்டேன் மாப்ள, சிவப்பு லைட்டு மின்னிக்கிட்டுதான் இருந்துச்சு" என்கிறார். பதினெட்டு வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்.

#11 மஞ்சக்காடு
ஞாயிறு, மாலை 6.45

அந்த லைட் மின்னினால் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கடைசித் துண்டுக்கான கணக்கை எழுதி முடிப்பதற்குள் உயிரைப் பிடுங்கிவிட்டார். ஆனால் படம் டிஸ்கில் இருக்கும், முகவரிதான் இல்லை. கவலைப்படாதீங்க.

ஐசோபஸ்டர் என்ற சாஃப்ட்வேரைப் போடுங்க. சில வேலைகளுக்குக் காசு கட்ட வேண்டும், இலவச நிலையிலேயே டிஸ்கில் என்ன தெரிகிறது என்று பார்த்துவிடலாம். பொருளடக்கத்தை நம்பாமல் டிஸ்கை வரிவரியாகத் துழாவி, வீடியோ மாதிரி இருப்பதைப் பொறுக்கித் தரும். மூடாத டிஸ்கைச் சில டிரைவ்கள் கண்டுகொள்ளவே மாட்டா. புது யுஎஸ்பி டிரைவ் மறுத்தால் பழைய டெஸ்க்டாப்பில் போட்டுப் பாருங்க.

#12 நொய்யல்கரை
செவ்வாய், இரவு 11.55

என் டிரைவ் மறுத்துவிட்டது. கம்பெனியில் கணக்குப் பிரிவில் தூசி படிந்து ஒரு டெஸ்க்டாப் இருக்கிறது, முதலாளியிடம் கேட்டு ராத்திரி ஷிஃப்ட் நேரத்தில் உட்கார்ந்தேன். அது படித்தது.

26 நிமிடம் வந்திருக்கிறது. அப்பிச்சி முண்டாசோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பெரியவர் ஒரு இடத்தில் தடுமாறுகிறார், அப்பிச்சி குனிந்து அடி எடுத்துக் கொடுக்கிறார், மத்தளம் விழுகிறது. பக்கத்து மெஷின் சத்தத்தில் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டேன். இன்றைக்கு வேறொன்றும் எழுத முடியலைங்க.

#13 அமராவதி
புதன், காலை 5.50

முதல் பதிவிலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன் தம்பி, இப்போதுதான் எழுதுகிறேன். எடிட் பண்ணும்போது ஒன்றைக் கவனியுங்க. மேடையில் நடப்பது எல்லாக் கல்யாணத்திலும் ஒன்றுதான். நீங்கள் வெட்டிப் போட நினைக்கிற பந்தி, சமையல் கொட்டாய், திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டு பேசுகிற ஆத்தாமார்கள், அதை வெட்டாதீங்க. எங்கள் வீட்டு கேசட்டில் என் மாமியார் இருப்பது மொத்தமே பதினோரு விநாடி, ரசவாளியோடு குறுக்கே போவார். தாராபுரத்திலிருந்து திருச்சி வரைக்கும் அந்தப் பதினோரு விநாடியை எத்தனை பேர் கேட்டு வாங்கியிருக்கிறார்கள் தெரியுமா.

#14 பழைய வீடியோக்காரன்
புதன், காலை 9.10

அம்மணி சொல்வது வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு. மண்டபத்தில் திரையில் ஓடும்போது இருபது நிமிடத்துக்கு மேல் போனால் யாரும் பார்க்க மாட்டார்கள், இலை போட்டாச்சா என்றுதான் பார்ப்பார்கள். இது இரண்டு வேலை. மொத்தமும் வெட்டாமல் பென் டிரைவில் ஒன்று, திரைக்குச் சுருக்கமாக ஒன்று.

இப்போது வெட்டுவது பற்றி. எம்பெக்-2-வில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படம் இல்லை. ஏறத்தாழ அரை விநாடிக்கு ஒரு முழுப் படம் இருக்கும், கீஃபிரேம் என்பார்கள். நடுவில் இருப்பதெல்லாம் 'முன்னதிலிருந்து இது மாறியது' என்ற குறிப்புகள்தான். அந்த முழுப் படத்தில் வெட்டினால் எதையும் திரும்ப நசுக்காமல் துணி கிழிக்கிற மாதிரி கிழித்து எடுக்கலாம். தரம் துளியும் குறையாது, 30 நிமிடத்தை ஒரு நிமிடத்துக்குள் சேமித்துவிடும். ஏவிடிமக்ஸ் என்ற சாஃப்ட்வேரில் முதல் விஓபி-யைத் திறந்தால் அடுத்தடுத்த எண்ணில் இருப்பதையும் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று அதுவே கேட்கும். வீடியோ, ஆடியோ இரண்டையும் 'காப்பி' என்று வையுங்க. மேல், கீழ் அம்புக்குறி கீஃபிரேமுக்குக் கீஃபிரேம் தாவும். லாஸ்லெஸ்கட் என்று இன்னொன்றும் இருக்கிறது, அது இன்னும் சுலபம்.

அந்த மூன்று விஆர்ஓ டிஸ்கும் இதேதான். உள்ளே இருப்பது எம்பெக்-2, மேலட்டை மட்டும் வேறு. நகலின் கடைசிப் பெயரை 'எம்பிஜி' என்று மாற்றினாலே பல சாஃப்ட்வேர் திறக்கும். ஒவ்வொரு முறை ரெக்கார்ட் நிறுத்தித் தொடங்கிய இடத்திலும் நேரக் கணக்கு மறுபடி முதலிலிருந்து வரும், அதனால் சில சமயம் நீளம் தப்பாகக் காட்டும். பயப்பட வேண்டாம்.

மங்கல வாழ்த்தைச் சுருக்க வேண்டி வந்தால் மத்தளத் தட்டில் வெட்டுங்க. தட்டு விழுந்த இடத்தில் ஒட்டினால் காது கண்டுபிடிக்காது. பாட்டு மேல் வேறு எதையும் போடாதீங்க என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

#15 கிராஸ்கட்ரோடு
புதன், மதியம் 1.30

எல்லாம் சரிங்கண்ணா, ஆனால் திரைக்குப் போகிற இருபது நிமிடத்துக்குப் பெயர் போட, ஃபேட் கொடுக்க, ஃபோட்டோ சேர்க்க வேண்டாமா? அதெல்லாம் கிழித்து ஒட்டுவதில் வராது. எப்படியும் ஒருமுறை புதிதாக ரெண்டர் செய்துதான் ஆக வேண்டும். அப்போது என் எம்பி4-தான் வரும்.

ஷாட்கட், கேடென்லைவ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேர் இரண்டும் இலவசம், விஓபி-யை நேராகத் திறக்கும். ஒரே ஒரு தடவை, கடைசியில் மட்டும் எச்.264 என்ற சுருக்கும் முறையில் எம்பி4 ஆக்குங்க. நடுவில் எங்கேயும் எம்பி4 வேண்டாம்.

நம்ம கேமராக்கள் பால் (PAL) என்ற டிவி முறையில் 720க்கு 576-ல் எடுக்கும், விநாடிக்கு 25 ஃபிரேம். ஆனால் அந்த ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு அரைப் படங்களை வரி விட்டு வரி பின்னியது. பழைய குண்டு டிவியில் தெரியாது. கம்ப்யூட்டரிலும் எல்இடி திரையிலும் கை ஆடினால் சீப்புப் பல் மாதிரி கோடு விழும். அதற்கு டீஇன்டர்லேஸ் செய்து (பின்னிய வரிகளை முழுப் படமாக்கி) 25-ல் வையுங்க, போதும்.

#16 பழைய வீடியோக்காரன்
புதன், மதியம் 2.05

25-ல் வைத்தால் பாதி அசைவைத் தூக்கிப் போடுகிறீர்கள். ஒரு ஃபிரேமில் இருக்கும் இரண்டு அரைப் படமும் வேறு வேறு நொடித்துண்டில் எடுத்தது. ஒவ்வொரு அரைப் படத்தையும் தனி ஃபிரேமாக்கும் பாப் முறையில் டீஇன்டர்லேஸ் செய்தால் 50 ஃபிரேம் கிடைக்கும். ஒயிலாட்டம், கும்மி ஆடுகிற இடத்தை இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்க, 50-ல் கால் வழுக்கிக்கொண்டு போகும், 25-ல் இடறும்.

இன்னொரு குழி இருக்கிறது. டிவி (DV) டேப்பில் கீழ் வரி முதலில் வரும், இந்த டிவிடி கேமராவில் மேல் வரி முதலில். சாஃப்ட்வேரில் இதை மாற்றி வைத்துவிட்டால் படம் முன்னும் பின்னும் நடுங்கும். பேய் பிடித்த மாதிரி இருக்கும். என்னிடம் வந்த பலர் "டிஸ்க் கெட்டுப்போச்சு" என்று வந்தது இதனால்தான்.

#17 கிராஸ்கட்ரோடு
புதன், இரவு 9.45

50-ல் போட்டுப் பார்த்தேன், என் பொண்ணு பள்ளிக்கூட ஆட்டத்தை. ஒத்துக்கொள்கிறேன், நீங்கள் சொல்வதுதான் சரி. ஹேண்ட்பிரேக்கிலேயே அந்த பாப் தேர்வு இருக்கிறது, இத்தனை வருடமாக அதைத் தொட்டதே இல்லை.

#18 நொய்யல்கரை
சனி, இரவு 10.30

இரண்டு சந்தேகம். ஒன்று, திரையில் எல்லாரும் ஒல்லியாக, நெட்டையாகத் தெரிகிறார்கள். அக்கா "நான் அப்ப இப்படியா இருந்தேன்" என்று சந்தோஷப்படுகிறாள், அது வேறு விஷயம். இரண்டு, தம்பி ஒரு ஏஐ சாஃப்ட்வேரில் அப்பிச்சி வரும் இடத்தை 4கே ஆக்கிக் கொண்டு வந்திருக்கிறான். பளிச்சென்று இருக்கிறது. ஆனால் அம்மா பார்த்துவிட்டு "இது யாரு?" என்று கேட்டாள்.

#19 மஞ்சக்காடு
சனி, இரவு 11.00

முதலாவது: அகலத் திரை முறையில் எடுத்த டிஸ்க் அது. 16க்கு 9-ஆக எடுத்தாலும் டிஸ்கில் அதே 720க்கு 576-க்குள்தான் அமுக்கி எழுதும், விரித்துக் காட்டு என்று ஒரு குறிப்பு மட்டும் கூட இருக்கும். எடிட்டிங் சாஃப்ட்வேர் அந்தக் குறிப்பைக் கவனிக்காவிட்டால் எல்லாரும் ஒல்லி. புராஜெக்டை 1024க்கு 576 என்று வையுங்க. 4க்கு 3-ல் எடுத்த டிஸ்க் என்றால் 768க்கு 576, இருபுறமும் கறுப்பு விட்டுவிடுங்க. அதை இழுத்துத் திரையை நிரப்பினால் எல்லாரும் குண்டு.

இரண்டாவது: அம்மா சொன்னதே போதும். டிஸ்கில் அப்பிச்சி முகம் நாற்பது ஐம்பது புள்ளி அகலம்தான் இருக்கும். கண்ணுக்குக் கீழே என்ன சுருக்கம் இருந்தது என்று சாஃப்ட்வேருக்கு எப்படித் தெரியும்? எங்கேயோ பார்த்த கிழவர்கள் முகத்திலிருந்து எடுத்து ஒட்டும். மங்கலாக இருந்தாலும் அவர் முகம் இருக்கட்டும்.

#20 அமராவதி
ஞாயிறு, காலை 6.15

ஆமாம் தம்பி, அதைப் போட்டுவிடாதீங்க. அக்காவை ஒல்லியாக விட்டாலும் பரவாயில்லை.

#21 நொய்யல்கரை
அடுத்த வாரம் வெள்ளி, இரவு 9.20

ஒருவழியாக முடிந்தது. 22 நிமிடம். மங்கல வாழ்த்துக்கு ஆறு நிமிடம் கொடுத்தேன், மத்தளத் தட்டில்தான் வெட்டினேன், பழைய வீடியோக்காரர் சொன்னது போல எனக்கே ஒட்டு தெரியவில்லை. 9-க்கும் 10-க்கும் நடுவில் மச்சான் டிஸ்க் மாற்றிய நேரத்தில் பாட்டில் ஒரு பகுதி போய்விட்டது. ஸ்டுடியோ டிவிடியில் படம் இருக்கிறது, சத்தம்தான் டூயட். அதனால் அந்த இடத்தில் ஒன்றும் ஒட்டாமல், அப்பிச்சியின் ஃபோட்டோ ஒன்றைச் சத்தமில்லாமல் ஐந்து விநாடி வைத்துவிட்டேன். பந்தியும் இருக்கிறது அமராவதி அக்கா, மூன்று நிமிடம், வெட்டவில்லை. காருக்குள் போன டிஸ்கில் கடைசி ஐந்தாறு நிமிடம் மட்டும் வரவேயில்லை, மற்றதை டிடிரெஸ்க்யூ எடுத்துக் கொடுத்தது. காங்கயம்காளை, சந்தைத் துண்டு தனியாக வைத்திருக்கிறேன், நாலு நிமிடம்.

ஒரே ஒரு குறை. கம்ப்யூட்டரில் சத்தம் நன்றாக வருகிறது. மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், அவர் போனில் படம் ஓடுகிறது, சத்தம் இல்லை என்கிறார். மங்கல வாழ்த்து மறுபடியும் ஊமையாகிவிட்டது!

#22 மஞ்சக்காடு
வெள்ளி, இரவு 9.26

சத்தத்தை டிஸ்கில் இருக்கும் வடிவத்திலேயே விட்டிருப்பீங்க. டிஸ்கில் இருப்பது ஏசி-3, டால்பி சத்தம், பல போன்களில் அது பேசாது. எக்ஸ்போர்ட்டில் ஆடியோவை மட்டும் ஏஏசி என்று மாற்றுங்க, 192 கேபிபிஎஸ் போதும். படத்தைத் தொட வேண்டாம். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி நசுக்கும், டாக்குமென்ட்டாக அனுப்புங்க.

#23 நொய்யல்கரை
வெள்ளி, இரவு 10.48

மாற்றி அனுப்பிவிட்டேன். கேட்டாராம். போனை அக்காவிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டாராம்.

#24 காங்கயம்காளை
சனி, காலை 5.05

சந்தை வீடியோவையும் டாக்குமென்ட்டாகவே அனுப்புங்க. போன் நம்பர் தனிச் செய்தியில் போட்டிருக்கிறேன்.